ஓரத்தைப் பாருங்கள்: வாசகர் கேள்வி, டாக்டர் பதில்

பயாப்ஸி ரிப்போர்ட்டை எப்படி வாசிப்பது என்று சென்ற இதழில் எழுதியிருந்தேன். அதில் 'செல் சவ்வு' (செல்லைச் சுற்றியிருக்கும் மெல்லிய உறை) என்ற சொல்லைப் போகிற போக்கில் இரண்டு இடத்தில் போட்டுவிட்டேன். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் அந்த ஒரு சொல்லையே பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஆகவே இந்த மாதம் முழுக்கச் சவ்வுதான்.

கேள்வி: செல் சவ்வின் அமைப்பு எல்லா விலங்கு செல்களுக்கும் ஒன்றுதான் என்று எங்கள் உயிரியல் புத்தகத்தில் இருக்கிறது. திசு புற்றாக மாறும்போது சவ்வும் மாறும் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். சவ்வு கிழிந்துவிடுமா டாக்டர்? மைக்ரோஸ்கோப்பில் அது தெரியுமா? (பதினொன்றாம் வகுப்பு மாணவி)

உன் கடைசிக் கேள்வியிலிருந்து ஆரம்பிக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் வெட்கம் உண்டு. முப்பத்துநான்கு வருடம் மைக்ரோஸ்கோப்பில் கண்ணை வைத்தே பிழைத்தவள் நான். அத்தனை வருடத்தில் என் மேசையில் ஒரு செல் சவ்வைக்கூடப் பார்த்ததில்லை. சவ்வின் தடிமன் 5 முதல் 10 நானோமீட்டர். எங்கள் ஒளி மைக்ரோஸ்கோப் பிரித்துக் காட்டக்கூடிய மிகச் சிறிய இடைவெளி சுமார் 200 நானோமீட்டர். எலக்ட்ரான் மைக்ரோஸ்கோப் எடுத்த படங்களில் சவ்வு இரட்டைக் கோடாகத் தெரியும். அன்றாட வேலையில் அது எங்கள் கைக்கு வருவதில்லை.

அப்படியானால் புற்று என்று எதைப் பார்த்துச் சொல்கிறோம்? பெரும்பாலும் உட்கருவைப் பார்த்து. வழக்கமான சாயத்தில் உட்கரு ஊதாவாகவும் மற்றதெல்லாம் இளஞ்சிவப்பாகவும் விழும். உட்கரு பருத்திருக்கிறதா, கோணலாக இருக்கிறதா, பிரிந்துகொண்டிருப்பவை எத்தனை என்று எண்ணிக்கொண்டிருப்போம். வீட்டுக்குள் நடப்பதையே பார்க்கிறவர்களுக்கு மதில்சுவர் கண்ணில் படாது அல்லவா, எங்கள் கதையும் அதுதான்.

சவ்வு கிழியாது. கிழிந்தால் செல் செத்துப்போகும். புற்றுச் செல்லோடு நமக்குள்ள வழக்கே அது சாகவில்லை என்பதுதான். உன் புத்தகம் சொல்வதும் சரி: இரண்டு அடுக்குக் கொழுப்பு, அதில் மிதக்கும் புரதங்கள், வெளிப்புறத்தில் சர்க்கரைச் சங்கிலிகள். புற்றிலும் அதே சரக்குதான். எது எவ்வளவு இருக்கிறது, எந்தப் பக்கம் இருக்கிறது, எது காணாமல் போயிருக்கிறது என்பவைதான் மாறுகின்றன.

ஒன்றை மட்டும் விரிவாகச் சொல்கிறேன், ஏனென்றால் எனக்கு அது மிகவும் பிடித்தது. அந்த இரண்டு அடுக்குகளும் ஒரே மாதிரி இல்லை. ஃபாஸ்ஃபடைடில்செரின் என்று ஒரு கொழுப்பு உண்டு. (பெயரை மனப்பாடம் செய்ய வேண்டாம், பரீட்சைக்கு வராது.) ஆரோக்கியமான செல்லில் அது உள்ளடுக்கில்தான் இருக்கும். தப்பித் தவறி வெளியே வந்தால், பிடித்து உள்ளே திருப்பிவிடுவதற்கென்றே சவ்வில் புரதங்கள் இருக்கின்றன. அந்த வேலைக்குச் செல் தன் எரிசக்தியைச் செலவழிக்கிறது. ஆயுள் முடிந்து செல் தானாகவே இறக்கும்போது இந்தக் காவல் நிறுத்தப்படுகிறது, கொழுப்பு வெளியடுக்குக்கு வந்துவிடுகிறது. ரோந்து சுற்றும் விழுங்கு செல்கள் அதைப் பார்த்து, 'சரி, இது முடிந்த கேஸ்' என்று விழுங்கிவிடும். சுற்றிலும் வீக்கமோ கலவரமோ வராது. அந்தக் கொழுப்பே 'சத்தம் போடாதே' என்ற உத்தரவையும் சேர்த்துத்தான் கொடுக்கிறது.

பல வகைப் புற்றுகளில் செல் உயிரோடு இருக்கும்போதே இந்தக் கொழுப்பு வெளியே தெரிகிறது. தன் மரண அறிவிப்பைத் தானே கழுத்தில் மாட்டிக்கொண்டு நடமாடுகிறது என்று வைத்துக்கொள். அப்போது ஏன் விழுங்கப்படுவதில்லை என்று நீ கேட்பாய். அதற்கு வேறொரு சூழ்ச்சி இருக்கிறது, கீழே சொல்கிறேன். ஆனால் 'சத்தம் போடாதே' என்ற உத்தரவு மட்டும் வேலை செய்கிறது, புற்றைச் சுற்றி உடலின் எதிர்ப்பு அடங்கிப்போகிறது. இந்தக் கொழுப்பைக் குறிவைத்து பாவிடக்சிமாப் என்று ஒரு மருந்து செய்தார்கள். கேட்பதற்கு அழகான யோசனை. நுரையீரல் புற்றில் நடந்த பெரிய சோதனை 2016இல் பலனில்லை என்று நிறுத்தப்பட்டது. அழகான யோசனைகளுக்கு இந்தத் துறையில் ஆயுள் குறைவு.

கேள்வி: என் அக்காவின் மார்பகக் கட்டி ரிப்போர்ட்டில் 'ஹெர்2: 3+, முழுமையான சவ்வுச் சாயம்' என்று எழுதியிருக்கிறது. 3+ என்றால் மூன்றாம் நிலைப் புற்று என்று சொந்தக்காரர் ஒருவர் சொல்லிவிட்டார். வீட்டில் யாரும் தூங்கவில்லை. (ஒரு வாசகி)

முதலில் தூங்குங்கள். இந்த 3+ வேறு, மூன்றாம் நிலை வேறு. இரண்டிலும் மூன்று வருகிறது, அவ்வளவுதான்.

ஹெர்2 என்பது சவ்வில் செருகியிருக்கும் ஓர் ஏற்பிப் புரதம். 'வளரு' என்ற செய்தியைச் செல்லுக்குள் கடத்துவது அதன் வேலை. சாதாரண மார்பகச் செல்லில் சுமார் 20,000 இருக்கும். மார்பகப் புற்றுகளில் 15 முதல் 20 சதவீதத்தில் அதற்கான மரபணு பல பிரதிகளாகப் பெருகிவிடுகிறது. அப்போது ஒரே செல்லின் சவ்வில் 20 லட்சம் வரை சேரக்கூடும். அவ்வளவு நெரிசலில் ஏற்பிகள் ஒன்றோடொன்று இணைந்து, வெளியிலிருந்து யாரும் கேட்காமலே 'வளரு, வளரு' என்று உள்ளே சொல்லிக்கொண்டே இருக்கும்.

இதைக் கண்டுபிடிக்க, அந்தப் புரதத்தில் மட்டும் ஒட்டும் ஆன்டிபாடியைத் திசுவின் மேல் விட்டு, அது ஒட்டிய இடத்தில் பழுப்பு நிறம் விழச் செய்கிறோம். நிறம் செல்லின் ஓரத்தில் விழ வேண்டும். பத்து சதவீதத்துக்கு மேற்பட்ட புற்றுச் செல்களில், ஒவ்வொரு செல்லையும் சுற்றி இடைவெளி இல்லாமல் அழுத்தமான பழுப்பு வளையம் இருந்தால் அது 3+. பார்ப்பதற்குக் கம்பிவலை மாதிரி இருக்கும். வளையம் மங்கலாக இருந்தால் 2+. முடிவு சொல்லாமல் மரபணுவை எண்ணும் இன்னொரு பரிசோதனைக்கு அனுப்புவோம்.

இதில் நான் ஒருமுறை சறுக்கியிருக்கிறேன். அந்தச் சாயம் எங்களிடம் வந்த புதிது. ஒரு ஸ்லைடு முழுக்கப் பழுப்பாக இருந்ததைப் பார்த்துவிட்டு 'பாசிட்டிவ்' என்று எழுதிக் கையெழுத்துக்கு நீட்டினேன். என் சீனியர் கண்ணை எடுக்காமலே கேட்டார்: "ஓரத்தைப் பார்த்தாயா?" மறுபடி பார்த்தேன். நிறம் முழுக்கச் செல்லின் நடுவில், ஓரம் சுத்தமாக வெள்ளை. அது கணக்கில் வராது. அந்த நோயாளிக்குத் தேவையில்லாத மருந்து போயிருக்கும். முப்பது வருடத்தில் எனக்குக் கிடைத்த மிகச் சிறிய பாடம் அது, இரண்டே சொல்.

உங்கள் அக்காவுக்கு வருவோம். 1998க்கு முன்னால் ஹெர்2 3+ கெட்ட செய்தி. அந்த வருடம் டிராஸ்டுசுமாப் அனுமதி பெற்றது. சவ்வில் நிற்கும் அந்த ஏற்பியையே போய்ப் பிடிக்கும் மருந்து. இப்போது 3+ என்றால், தாக்குவதற்கு ஓர் இலக்கு இருக்கிறது என்றும் அர்த்தம். நிலை என்ன என்பதைக் கட்டியின் அளவு, நிணநீர்க்கணு, பரவல் ஆகியவற்றை வைத்து அவருடைய மருத்துவர் சொல்வார். அவரிடம் கேளுங்கள், சொந்தக்காரரிடம் வேண்டாம்.

கூடுதலாக ஒன்று. நாங்கள் பல வருடம் 1+ஐ (வளையம் முழுசாக இல்லாமல் மிக மங்கலாக விழுவது) 'நெகட்டிவ்' பெட்டியில் போட்டு மூடிவிடுவோம். ஆன்டிபாடியோடு நச்சு மருந்தைக் கட்டி அனுப்பும் ஒரு மருந்துக்கு, பரவிய மார்பகப் புற்றில் இப்படிக் குறைவாக ஹெர்2 உள்ளவர்களுக்கும் 2022இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. மங்கலான வளையத்தையும் இப்போது உற்றுப் பார்க்கிறார்கள். நான் ஓய்வு பெற்ற பிறகு வந்த தலைவலி அது, நல்ல தலைவலி.

கேள்வி: பயாப்ஸி ஊசி குத்தினால் புற்று உடைந்து பரவிவிடும் என்கிறார்களே? புற்றுச் செல்கள் ஒன்றோடொன்று ஒட்டாது என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். (ஒரு வாசகர்)

என் வார்த்தையை வைத்தே என்னை மடக்குகிறீர்கள். சரி.

புற்றுச் செல்களின் பிடி தளர்கிறது என்பதை 1944இலேயே டேல் கோமன் என்ற அமெரிக்க நோய்க்குறியியல் அறிஞர் அளந்து காட்டினார். ஒட்டிக்கொண்டிருக்கும் இரண்டு செல்களை நுண்ணூசிகளால் பிடித்து இழுத்தார். அவை பிரிவதற்குள் ஊசி எவ்வளவு வளைகிறது என்பதுதான் அளவுகோல். உதட்டிலும் கருப்பை வாயிலும் வரும் புற்றின் செல்கள், அதே இடத்துச் சாதாரண செல்களைவிட மிக எளிதாகப் பிரிந்தன. சவ்வில் ஒட்டும் புரதங்கள் எவை என்று யாருக்கும் தெரியாத காலம். கண்ணாடி ஊசியையும் பொறுமையையும் வைத்துக்கொண்டு செய்த வேலை.

அந்தப் பிடியில் முக்கியமான ஒன்றின் பெயர் ஈ-கேடரின். ஒரு செல்லின் சவ்விலிருந்து நீளும் கேடரின் பக்கத்துச் செல்லின் கேடரினோடு கோத்துக்கொள்ளும். நடுவில் கால்சியம் வேண்டும். மார்பகப் புற்றில் 'லோபுலர்' என்று ஒரு வகை இருக்கிறது, பத்தில் ஒன்று என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் பெரும்பாலும் ஈ-கேடரின் சவ்விலிருந்து மறைந்துவிடும். ஸ்லைடில் அந்தச் செல்கள் கும்பலாக நிற்காது. ஒன்றன்பின் ஒன்றாக, ஒற்றை வரிசையில், ஒன்றின் தோளை ஒன்று தொடாமல் திசுவுக்குள் ஊர்ந்து போகும். கும்பல் இல்லாததால் பல சமயம் கையில் கட்டியாகவும் தட்டுப்படாது, மேமோகிராமில் (மார்பக எக்ஸ்ரே) தப்பியும்விடும். என் மேசையில் அதிகம் ஏமாற்றியது இந்த வகைதான். முதல் பார்வைக்கு வெறும் நார்த்திசுபோல இருக்கும்.

பிடி தளர்வது பரவலின் முதல் படி மட்டுமே. கழன்ற செல் இரத்தக்குழாய்க்குள் நுழைய வேண்டும், அங்கே ஓட்டத்தின் அடியைத் தாங்க வேண்டும், எங்கோ வெளியேறிப் புது இடத்தில் வேர்விட வேண்டும். விலங்குகளில் இரத்தத்துக்குள் நேரடியாகச் செலுத்திப் பார்த்தபோதுகூட ஆயிரத்தில் ஒரு செல்தான், அதற்கும் குறைவாகத்தான், கட்டியாக வளர்ந்தது. ஊசிப் பாதையில் புற்று முளைப்பது நடக்கவே நடக்காது என்று சொல்ல மாட்டேன், மிக அரிது. எங்கெல்லாம் அந்த ஆபத்து கொஞ்சம் கூடுதலோ, ஆணின் விரை போன்ற அந்த இடங்களில் மருத்துவர்களே ஊசியைத் தவிர்ப்பார்கள். பயாப்ஸிக்குப் பயந்து ஆறு மாதம் தள்ளிப்போட்டு வந்தவர்களின் ஸ்லைடுகளை நான் பார்த்திருக்கிறேன். ஊசியால் வந்த சேதம் அதில் எதிலும் இல்லை. ஆறு மாதத்தால் வந்தது இருந்தது.

கேள்வி: புற்றுச் செல்லின் மேற்பரப்பு வித்தியாசமானது என்று முதலில் எப்படிக் கண்டுபிடித்தார்கள்? (ஓய்வு பெற்ற வேதியியல் ஆசிரியர்)

ஐயா, ஒரு அசுத்தத்தால் கண்டுபிடித்தார்கள். வேதியியல்காரர் நீங்கள் இதை ரசிப்பீர்கள்.

1960களின் தொடக்கத்தில் ஜோசப் ஆப் என்ற அமெரிக்க மருத்துவர், புற்றுச் செல்லின் மேற்பரப்பு வேறாக இருக்க வேண்டும் என்று நம்பி, செல்களின் மேல் பலவித நொதிகளை ஊற்றிப் பார்த்துக்கொண்டிருந்தார். கோதுமை முளையிலிருந்து எடுத்த, கொழுப்பை உடைக்கும் லைப்பேஸ் நொதியில் மட்டும் புற்றுச் செல்கள் திரிந்த பால்போலக் கட்டிகட்டியாகச் சேர்ந்தன. சாதாரண செல்கள் சும்மா இருந்தன. லைப்பேஸ்தான் காரணம் என்றால் வேறு இடத்து லைப்பேஸும் அதைச் செய்ய வேண்டுமே? செய்யவில்லை. சூடாக்கி நொதியைச் செயலிழக்கச் செய்தால் நிற்க வேண்டுமே? நிற்கவில்லை. கடைசியில், நொதியோடு கலந்து வந்திருந்த வேறொரு புரதம்தான் அந்த வேலையைச் செய்தது என்று தெரிந்தது. சர்க்கரைச் சங்கிலிகளைப் பிடிக்கும் லெக்டின் அது.

எல்லோருக்கும் உற்சாகம்: புற்றுச் சவ்வில் புதுச் சர்க்கரை முளைத்திருக்கிறது! அப்புறம் மேக்ஸ் பர்கர் ஒரு காரியம் செய்தார். சாதாரண செல்களைப் புரதம் அரிக்கும் டிரிப்சின் நொதியில் லேசாக நனைத்து எடுத்தார். அவையும் புற்றுச் செல்களைப் போலவே கட்டிக்கொண்டன. ஆக, லெக்டின் பிடிக்கும் இடங்கள் சாதாரண செல்லிலும் இருக்கின்றன. பிறகு எண்ணிப் பார்த்தபோது எண்ணிக்கையிலும் பெரிய வித்தியாசம் இல்லை என்று பல ஆய்வுகள் காட்டின. அவை சவ்வில் நகர்ந்து ஒன்றுகூடும் விதம்தான் வேறு.

சவ்வில் புரதங்கள் நகருமா என்ன? 1972இல் சிங்கரும் நிக்கல்சனும் எழுதிய கட்டுரை இன்று எல்லாப் பாடப்புத்தகத்திலும் இருக்கிறது: சவ்வு ஒரு திரவம், அதில் புரதங்கள் மிதக்கின்றன. அதே கட்டுரையில் புற்றுச் செல்கள் லெக்டினில் ஏன் கட்டிக்கொள்கின்றன என்றும் அவர்கள் விவாதித்திருக்கிறார்கள். பாடப்புத்தகங்கள் படத்தை எடுத்துக்கொண்டு இதை விட்டுவிட்டன.

லெக்டின் பரிசோதனை நோயறியும் சோதனையாக வரவில்லை. பிரிந்துகொண்டிருக்கும் சாதாரண செல்லும், கருவின் செல்லும்கூட அப்படி நடந்துகொள்வது தெரிந்துவிட்டது.

கேள்வி: உடலின் எதிர்ப்பு சக்தி ஏன் இதையெல்லாம் கவனிப்பதில்லை?

கவனிக்கிறது. பல சமயம் முடித்தும்விடுகிறது, நமக்குத் தெரிவதில்லை. தப்பிய செல்கள் சவ்வில் இரண்டு பலகைகளை மாட்டியிருக்கும். ஒன்று சிடி47: விழுங்கு செல்லிடம் 'என்னைத் தின்னாதே' என்று சொல்வது. (மாணவிக்குச் சொன்ன சூழ்ச்சி இதுதான்.) இது சாதாரண செல்லிலும் இருக்கிறது, புற்று அதை அதிகமாக வைத்துக்கொள்கிறது. இன்னொன்று பிடி-எல்1. கொல்ல வந்த டி செல்லின் (எதிர்ப்பு சக்தியின் ஒரு வகை வெள்ளணு) பிரேக்கை மிதிப்பது. டி செல்லின் இப்படிப்பட்ட பிரேக்குகளை விடுவிக்கலாம் என்ற வழியைத் திறந்ததற்காக ஜேம்ஸ் அலிசனும் தசுகு ஹோஞ்சோவும் 2018இல் நோபல் பரிசு பெற்றார்கள். பிடி-எல்1 சாயமும் பல புற்றுகளில் ஓரத்தைப் பார்த்துத்தான் எண்ணப்படுகிறது.

கேள்வி: காரத்தன்மை உள்ள தண்ணீர் குடித்தால் புற்றுச் செல் வாழாது என்று ஒரு வீடியோ வந்தது. அமிலத்தில்தான் புற்று வளருமாமே?

பாதி உண்மை, அதனால்தான் இவ்வளவு தூரம் ஓடுகிறது. கட்டியைச் சுற்றியுள்ள நீர்மம் அமிலப் பக்கம் சாய்ந்திருப்பது நிஜம். ஆனால் அந்த அமிலம் வெளியிலிருந்து வந்ததில்லை. புற்றுச் செல் சர்க்கரையை ஏராளமாக எரித்து, உண்டாகும் அமிலத்தைச் சவ்விலுள்ள பம்புகளால் வெளியே கொட்டுகிறது. இரத்தத்தின் பி.ஹெச். 7.35க்கும் 7.45க்கும் நடுவில்தான் நிற்கும், நுரையீரலும் சிறுநீரகமும் அதைப் பார்த்துக்கொள்கின்றன. நீங்கள் குடிக்கும் தண்ணீர் வயிற்றின் அமிலத்தைத் தாண்டுவதற்குள்ளேயே தன் காரத்தை இழந்துவிடும். தாகத்துக்குக் குடியுங்கள்.

கேள்வி: சிஏ 125 கூடியிருக்கிறது. புற்றுதானா?

அதை மட்டும் வைத்துச் சொல்ல முடியாது. சூலகப் புற்றுக்காக இரத்தத்தில் அளக்கும் இந்த சிஏ 125, சவ்விலிருந்து உதிர்ந்து இரத்தத்தில் கலக்கும் ஒரு பெரிய சர்க்கரைப்புரதத்தின் துண்டு. மாதவிடாய், கர்ப்பம், எண்டோமெட்ரியோசிஸ் எல்லாவற்றிலும் கூடும். இதன் உறவுக்காரரான சிஏ 19-9 இன்னும் வேடிக்கை: அது ஒரு சர்க்கரைச் சங்கிலி, மக்களில் 5 முதல் 10 சதவீதம் பேருக்கு அதைக் கட்டும் நொதியே பிறவியில் கிடையாது. கணையத்தில் புற்று வந்தாலும் அவர்களுக்கு அது ஏறாது.

கேள்வி: ஒருமுறை விட்ட கையைப் புற்றுச் செல் மறுபடி பிடிக்குமா? (அதே பதினொன்றாம் வகுப்பு மாணவி, இரண்டாவது கடிதம்)

பிடிக்கும். லோபுலர் வகையில் பெரும்பாலும் மரபணுவே கெட்டுப்போயிருப்பதால் அங்கே நடக்காது. ஆனால் மற்ற பல புற்றுகளில் ஈ-கேடரின் மரபணு நன்றாகத்தான் இருக்கும். செல் அதைத் தற்காலிகமாக அணைத்துவைத்திருக்கும், அவ்வளவுதான். ஈ-கேடரினுக்குப் பழுப்புச் சாயம் போட்ட ஒரு மார்பகக் கட்டியின் ஸ்லைடு ஞாபகம் இருக்கிறது. கட்டியின் நடுவில் வளையங்கள் நன்றாகத் தெரிந்தன. வெளி விளிம்பில், திசுவுக்குள் பாய்ந்துகொண்டிருந்த செல்களில், பழுப்பு மங்கி அங்கங்கே அறுந்திருந்தது. அதே நோயாளியின் அக்குள் நிணநீர்க்கணுவை அடுத்த தட்டில் வைத்திருந்தார்கள். அங்கே போய்ச் சேர்ந்திருந்த செல்கள் கூட்டமாக உட்கார்ந்திருந்தன. ஒவ்வொன்றைச் சுற்றியும் வளையம், அழுத்தமாக, ஓர் இடைவெளி இல்லாமல்.